பழைய றேசிங் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்குமுன் காலை அளந்து பாருங்கள்



2012ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் புகழ்பெற்ற ஜீரோ சைக்கிளோட்டப் போட்டி எம்மவர் பலர் வாழும் ஹேர்னிங் நகரில் தொடங்கியது. 2022 யூலையில் ரூர் டி பிரான்ஸ் கொப்பன்ஹேகனில் தொடங்கி, மூன்றாம் நாள் வைலே நகரிலிருந்து சொண்டர்போர்க் வரை ஓடியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் டென்மார்க்கின் ஜொனாஸ் விங்கெகோர் அதில் முதலிடம் பெற்றார். இவற்றைப் பார்த்து வளர்ந்த எமது பிள்ளைகள் வளைந்த ஹாண்டில் வைத்த றேசிங் சைக்கிள் கேட்பதில் வியப்பில்லை. பிள்ளைகள் மட்டுமல்ல, "சீனி கூடுகிறது, உடம்பை அசையுங்கள்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய தகப்பன்மாரும் இப்போது கேட்கிறார்கள்.

புதிய றேசிங் சைக்கிளின் விலை பத்தாயிரம் குரோனர்களைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. ஆகவே பலரது கண்ணும் 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட பழைய சைக்கிள்களின் மீது திரும்புகிறது. இது நல்ல எண்ணமே. ஆனால் மலிவு என்று வாங்கி, முழங்கால் நோவு, நாரி நோவு என்று நிலவறையில் போட்டுவிட்டுக் காருக்குத் திரும்பியவர்களையும் நாம் வைத்திய அறையில் காண்கிறோம். நோவுக்குக் காரணம் பெரும்பாலும் வயது அல்ல, உடலுக்குப் பொருந்தாத சைக்கிள். எனவே குறைந்த செலவில் நல்ல பழைய றேசிங் சைக்கிளை எப்படித் தெரிவு செய்வது என்று இம்முறை பார்ப்போம்.

சைக்கிளும் எமது உடலும்

யாழ்ப்பாணத்தில் நாம் எல்லோரும் சைக்கிள்காரர்களே. 1990களின் முற்பகுதியில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் சைக்கிளே எம்மைக் கொண்டுபோனது. இங்கே வந்து வேலை கிடைத்து, கார் வாங்கியதும் அந்தப் பழக்கம் எம்மில் பலரை விட்டுப் போய்விட்டது.

இதனால் நாம் இழந்தது என்ன? கொப்பன்ஹேகனில் ஏறத்தாழ 30,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வேலைக்குச் சைக்கிளில் போகாதவர்களின் இறப்பு வீதம் போகிறவர்களுடையதை விட 39 வீதம் அதிகமாகக் காணப்பட்டது. புகைத்தல், மற்றைய உடற்பயிற்சி போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் கிடைத்த வித்தியாசம் இது. 2016இல் வெளியான இன்னொரு டெனிஸ் ஆய்வு 50 முதல் 65 வயது வரையிலான 50,000க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. அந்த வயதில் புதிதாகச் சைக்கிள் ஓடத் தொடங்கியவர்களுக்கும், ஓடாமலே இருந்தவர்களை விட நீரிழிவு நோய் வரும் வாய்ப்பு 20 வீதம் குறைவாக இருந்தது. "இனி எனக்கு என்னத்துக்கு" என்று சொல்லும் ஐம்பது வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தெற்காசியர்களாகிய எமக்கு நீரிழிவு ஐரோப்பியரை விடப் பத்து ஆண்டுகள் அளவில் முந்தியே வருகிறது. உடல் பருக்காமலே கூட வருகிறது. ஐரோப்பியருக்கு உடற்பருமன் சுட்டெண் 25ஐத் தாண்டும்போது கவனம் தேவை என்றால், ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எடுத்துரைத்தனர். வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் சைக்கிள் ஓடினால் 150 நிமிடம் நிறைந்துவிடும்.

முதலில் அளவு

டெனிஸ் ஆண்களின் சராசரி உயரம் 180 சென்ரிமீற்றருக்கு மேல். ஆகவே இங்கே விற்பனைக்கு வரும் பழைய றேசிங் சைக்கிள்களில் பெரும்பாலானவை 56 முதல் 60 சென்ரிமீற்றர் அளவுள்ள பிறேம் கொண்டவை. எம்மில் பலருக்கு வேண்டியதோ 49 முதல் 54 வரையான அளவு. எம்மவர் ஏமாறும் முதல் இடம் இதுதான். "சீற்றைப் பதித்தால் சரிவரும்" என்று விற்பவர் சொல்வார். சீற் பதியும், ஆனால் பாரின் நீளம் குறையாது. அதில் நீட்டி விழுந்து ஓடும்போதுதான் கழுத்தும் நாரியும் நோகும். அவசரத்துக்குக் காலை ஊன்றும்போது பாரில் அடிபடவும் நேரும்.

அளப்பது சுலபம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகு பட நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையே வைத்து மேலே இறுக்கிப் பிடியுங்கள். நிலத்திலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரையுள்ள உயரத்தை வீட்டார் ஒருவரைக் கொண்டு அளவுங்கள். அதை 0.65ஆல் பெருக்கினால் உங்களுக்கு ஏற்ற பிறேமின் அளவு வரும். கால் அளவு 78 சென்ரிமீற்றர் என்றால் பிறேம் 51 அளவில் இருக்க வேண்டும். பெடல் அச்சின் நடுவிலிருந்து, சீற்றுக் குழாயின் வழியே, மேற்பாரின் நடு வரை அளப்பதே பிறேமின் அளவு. விளம்பரத்தில் இது இல்லாவிட்டால் விற்பவரிடம் அளந்து சொல்லும்படி கேளுங்கள். பாரின் மேல் காலைப் போட்டு நிற்கும்போது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும்.

காலைத் தூக்கிப் போட முடியாதவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னொரு வழி உண்டு. அந்தக் காலத்தில் பெஜோ போன்ற நிறுவனங்கள் பார் சரிந்து இறங்கும் இலேசான சைக்கிள்களையும் செய்தன. இவற்றைப் பெரும்பாலோர் தேடுவதில்லை என்பதால் மலிவாகக் கிடைக்கும்.

இரும்பைப் பார்த்து வாங்குங்கள்

பழைய சைக்கிளில் ரயர், செயின், பிறேக் கட்டை எல்லாம் மாற்றலாம். மாற்ற முடியாதது பிறேம். எனவே காசு கொடுப்பது பிறேமுக்கே என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அதிகம் காணக்கூடிய பெயர்கள் ஒடென்ஸ நகரின் எஸ்.சி.ஓ., பியூன் தீவின் கில்டமோஸ், எவர்ட்டன், சுவீடனின் கிரெசென்ட், பிரான்சின் பெஜோ, இத்தாலியின் பியாங்கி, எமது ஊரில் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ரலி என்பன. ஆனால் பெயர் மட்டும் போதாது. ஒரே நிறுவனம் விலை குறைந்த பாரமான சைக்கிளையும் உயர்ந்த இலேசான சைக்கிளையும் செய்தது. வித்தியாசம் குழாயில் உள்ளது. சீற்றுக் குழாயில் றெனோல்ட்ஸ் 531, கொலம்பஸ், ரான்கே என்ற பெயர் கொண்ட ஒட்டி இருந்தால் அது நல்ல உருக்குக் குழாய். ஒட்டி உரிந்து போயிருந்தால் சீற்றைத் தாங்கும் தண்டின் விட்டத்தைப் பாருங்கள். 27.2 மில்லிமீற்றர் என்று பொறித்திருந்தால் குழாய் மெல்லியது, தரமானது என்பதற்கு நல்ல அறிகுறி. 26க்கும் கீழே என்றால் பெரும்பாலும் பாரமான இரும்பு.

பிறேமில் பார்க்க வேண்டியவை:

1. ஹாண்டிலுக்குப் பின்னால், மேற்பாரிலும் கீழ்ப்பாரிலும் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ற் சுருங்கியோ புடைத்தோ இருந்தால் சைக்கிள் எங்கோ மோதியிருக்கிறது. வாங்க வேண்டாம்.

2. பக்கத்தில் நின்று முன் போர்க்கைப் பாருங்கள். அது பின்னோக்கி வளைந்திருந்தால் அதுவும் மோதலின் அடையாளமே.

3. சீற்றுத் தண்டையும் ஹாண்டில் தண்டையும் சிறிது தளர்த்தி அசைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு பல ஆண்டுகள் கிடந்தால் இரண்டும் பிடித்து ஒன்றாகிவிடும். பிடித்துவிட்ட தண்டை எடுப்பது பெரிய வேலை. சீற்றை உங்கள் உயரத்துக்கு வைக்க முடியாவிட்டால் அந்தச் சைக்கிள் உங்களுக்குப் பயன்படாது.

4. மேலே தெரியும் சிறு கறல் பிரச்சினை அல்ல. குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு, பெடல் அச்சுக்குக் கீழும் பின்சில்லுக்கு அருகிலும் குழாயை உள்ளிருந்து தின்னும். அவ்விடங்களில் பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள்.

முதன்முறை வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. 1970களின் பிரெஞ்சுச் சைக்கிள்கள் பலவற்றில் பெடல் அச்சு, ஹாண்டில் முதலியவற்றின் புரிகளும் அளவுகளும் மற்றைய நாடுகளினதை விட வேறுபட்டவை. ஓடிக்கொண்டிருக்கும் வரை நல்லது. பழுதுபட்டால் பொருத்தமான உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும்.

சில்லு, பிறேக், கியர்

சைக்கிளைத் தூக்கிச் சில்லைச் சுற்றிவிட்டு, பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையே பார்த்து ஆட்டத்தை அறிவது எமது ஊர்ப் பழக்கம். அது இங்கும் உதவும். கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து நெரியுங்கள். எல்லாம் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும்.

றிம் இரும்பா அலுமினியமா என்று ஒரு சிறு காந்தத்தால் அறியலாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. இரும்பு றிம்மில் மழை நேரத்தில் பிறேக் நன்றாகப் பிடிக்காது. டென்மார்க்கின் மழைக்கு அது ஆபத்து. அலுமினிய றிம்மின் பக்கங்கள் குழிவாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சில்லின் காலம் முடிகிறது என்று பொருள்.

ரயரின் பக்கத்தில் உள்ள இலக்கத்தை வாசியுங்கள். 622 என்று முடிந்தால் நல்லது. எந்தக் கடையிலும் ரயர் கிடைக்கும். 630 என்று முடிந்தால் அது பழைய 27 அங்குலச் சில்லு, ரயர் தெரிவு மிகக் குறைவு. ரயர் றிம்மில் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் அது போட்டிக்காரருக்கு உரியது. காற்றுப்போனால் வழியில் ஒட்டுப்போட முடியாது. வேறு சில்லு வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

செயினின் தேய்வை அளவுகோலால் அறியலாம். ஒரு ஊசியின் நடுவிலிருந்து எண்ணி 24ஆவது ஊசியின் நடு வரை 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

அக்காலத்துக் கியர்கள் இளம் போட்டிக்காரரின் காலுக்காகச் செய்யப்பட்டவை. முன்னால் 52, 42 பல், பின்னால் மிகப் பெரியது 21 பல் என்றால், வைலேயின் மேட்டில் ஐம்பது வயது முழங்கால் அழும். பின்னால் 28 பல் வரை உள்ளதைத் தேடுங்கள், அல்லது கடையில் மாற்றுங்கள். கியர் மாற்றும் பிடி கீழ்ப்பாரில் இருப்பதற்குச் சில நாளில் கை பழகிவிடும்.

கடைசியில் கட்டாயம் ஓடிப் பாருங்கள். இரண்டு பிறேக்கையும் பிடித்துப் பாருங்கள். எல்லாக் கியரையும் மாற்றுங்கள். வெறுமையான நேர் வீதியில் ஹாண்டிலை மிக மெதுவாகப் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

செலவுக் கணக்கு

வாங்கும் விலை முழு விலை அல்ல. உதாரணமாகக் கையில் 2000 குரோனர் இருந்தால் சைக்கிளுக்கு 1000க்கு மேல் கொடுக்க வேண்டாம். இரண்டு ரயர் 400, இரண்டு ரியூப் 100, பிறேக் கட்டைகள் 120, கேபிள்கள் 130, செயின் 150 என்று வைத்தால் 900 ஆகிறது. இது ஒரு மாதிரிக் கணக்கே, கடைக்குக் கடை மாறும். ஆனால் பல ஆண்டுகள் நின்ற சைக்கிளில் ரயரும் பிறேக் கட்டையும் எப்படியிருந்தாலும் மாற்ற வேண்டும். வெடித்துக் காய்ந்த ரப்பரை நம்பி வீதியில் இறங்கக் கூடாது. வேலையை நீங்களே செய்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். கடையில் கொடுத்தால் கூலி தனி.

வசந்த காலத்தில் எல்லோரும் தேடுவதால் விலை ஏறும். ஒக்ரோபர், நவம்பரில் இறங்கும். டிபிஏ விளம்பரங்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய பொருட் கடைகள், பொலிசாரிடம் சேரும் சைக்கிள்களின் ஏலம் எல்லாவற்றையும் பாருங்கள். சைக்கிள் கடையில் பழையதை வாங்கினால் விலை சற்றுக் கூடும். ஆனால் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இரண்டு ஆண்டுகள் முறையிடும் உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

திருட்டுச் சைக்கிள்

பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். டென்மார்க்கில் விற்கப்படும் சைக்கிள்களின் பிறேமில் ஸ்டெல்நம்மர் எனப்படும் இலக்கம் வெட்டப்பட்டிருக்கும். அது வழமையாகச் சீற்றுக் குழாயில் இருக்கும். காசு கொடுக்க முன் அந்த இலக்கத்தைப் பொலிசாரின் இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். களவு போனதாக முறைப்பாடு இருந்தால் அது காட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சைக்கிளில் தயாரித்தவரின் இலக்கம் மட்டும் இருக்கலாம். ஆனால் இலக்கம் அராவப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். விலையையும் விற்பவரையும் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் தண்டம் வரலாம். சைக்கிளும் உரியவரிடம் போய்விடும், கொடுத்த காசும் போய்விடும். நிரந்தர வதிவிடத்துக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்க இருக்கும் ஒருவருக்குத் தண்டனைப் பதிவு எவ்வளவு பெரிய தடையாகலாம் என்பது எம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே விற்பவரின் வீட்டில் வைத்தே வாங்குங்கள். பெயர், திகதி, விலை, ஸ்டெல்நம்மர் எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். மொபைல்பே மூலம் கொடுத்தால் பதிவும் இருக்கும். பின்னர் உங்கள் சைக்கிளே களவு போனால் காப்புறுதிக்கும் அந்த இலக்கம் தேவைப்படும்.

ஓடத் தொடங்குமுன்

சீற்றின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். முன்னர் அளந்த கால் அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பகுதி வரையான உயரம் கிடைக்கும். 78 என்றால் 69 சென்ரிமீற்றர். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் பதிவாக இருக்கலாம், அல்லது கியர் பாரமாக இருக்கலாம். பின்பக்கம் நொந்தால் சீற் உயரமாக இருக்கலாம். சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்தால் உள்ளங்கையில் நரம்பு அழுத்தப்படுகிறது. ஹாண்டிலைச் சற்று உயர்த்தி, பிடியை அடிக்கடி மாற்றுங்கள். சீற்றில் இருக்கும் இடம் விறைத்தால் அதைப் பொறுத்துக்கொண்டு ஓடாமல் சீற்றின் சரிவைச் சரிசெய்யுங்கள், அல்லது சீற்றையே மாற்றுங்கள். எந்தத் தண்டையும் அதில் பொறித்துள்ள எல்லைக் கோட்டுக்கு மேலே இழுக்க வேண்டாம். ஓடும்போது முறிந்தால் விளைவு பாரதூரமானது.

பழைய றேசிங் சைக்கிளின் பெடலில் காலைக் கட்டும் வார் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைக் கழற்றி விடுங்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஒருபோதும் அதைப் பாவிக்கக் கூடாது. சேலை, துப்பட்டா, தளர்ந்த காற்சட்டை ஆகியன செயினிலும் கம்பியிலும் சிக்கும்.

இன்சுலின் போடுவோரும், கிளிமெபிரைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்போரும் ஓடுமுன் சீனியைப் பார்த்து, சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே இறங்கிச் சாப்பிடுங்கள். மெற்போர்மின் மட்டும் எடுப்போருக்குச் சீனி இறங்குவது அரிது. நீரிழிவால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், பல ஆண்டுகள் உடலுழைப்பே இல்லாத நாற்பது வயது கடந்தவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். குளிர் காற்றுக்கு எதிராக ஓடுவது இருதயத்துக்குக் கூடிய வேலை. நெஞ்சு இறுக்கமோ, கை, தாடைக்குப் பரவும் நோவோ வந்தால் நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 112ஐ அழையுங்கள்.

இங்கே சாதாரண சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயம் இல்லை. ஆனாலும் போடுங்கள். குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், காயம் தெரியாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்னும் பின்னும் பிறேக், மணி, ஒளிதெறிப்பான், இருட்டில் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு என்பன கட்டாயம். பழைய றேசிங் சைக்கிளில் இவற்றில் பல இருக்காது, நீங்களே பூட்ட வேண்டும்.

சைக்கிள் பார்க்கப் போகும்போது அளவு நாடா, காந்தம், ரோச், ஒரு 6 மில்லிமீற்றர் அலன் சாவி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். உங்கள் கால் அளவைக் கைத்தொலைபேசியில் குறித்து வையுங்கள். அளவு பொருந்தாவிட்டால் பெயரும் நிறமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்த கிழமை இன்னொன்று விற்பனைக்கு வரும். அளவு பொருந்தியது கிடைத்தால் முதல் நாளே நாற்பது கிலோமீற்றர் ஓட வேண்டாம். முதல் கிழமை நாளுக்குப் பத்து நிமிடம், பிறகு பதினைந்து, பிறகு அரை மணித்தியாலம் என்று கூட்டிக்கொண்டு போங்கள்.